பட்டன் அக்கார்டியனில் எந்த விரல், எந்த வரிசை? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்துவிட்டால் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துச் சபைகளில் கேரல் ரவுண்ட் தொடங்கிவிடும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, போனாலும் கரண்டுக்கு எங்கே போவது? தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே வாசிக்க அக்கார்டியன் போல வசதியானது வேறில்லை. ஆனால் எல்லைப் பக்கத்தில் வாசிப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு வீட்டில் தமிழ்ப் பாட்டு, அடுத்த வீட்டில் மலையாளப் பாட்டு. பாறசாலையிலிருந்து வரும் தங்கச்சி ஐந்தரைக் கட்டைச் சுருதியில் எடுப்பாள், நம்ம ஊர் அண்ணன் ஒரு கட்டையில் எடுப்பார். பாதியில் யாராவது "அண்ணே, ஒரு அரைக் கட்டை ஏத்துங்களேன்" என்பார்கள். பியானோக் கட்டைகள் உள்ள அக்கார்டியனில் இது பெரும்பாடு. குரோமாட்டிக் பட்டன் அக்கார்டியனில், விரல் முறையைச் சரியாகத் தேர்ந்திருந்தால், கையை அப்படியே பக்கத்தில் நகர்த்தினால் போதும்.

அந்தத் தேர்வைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் அக்கா கொண்டுவந்து தந்த பெட்டியில், முறை எதையும் தேர்ந்துகொள்ளாமல் கண்ட வீடியோவை எல்லாம் பார்த்துப் பழகி எட்டு மாதம் வீணாக்கினேன். அதில் பாதி வீடியோக்கள் என் பெட்டிக்கு நேரெதிரான அமைப்பில் வாசிக்கப்பட்டவை என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம்.

முதல் வேலை: பெட்டி எந்த வகை என்று கண்டுபிடிப்பது

ஒரு பட்டனை அழுத்திக்கொண்டு துருத்தியை இழுங்கள், பிறகு தள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே சுரம் வந்தால் அது குரோமாட்டிக். இழுக்கும்போது ஒன்று, தள்ளும்போது வேறொன்று என்றால் அது டயட்டோனிக் பெட்டி. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

அடுத்து, அது சி முறையா பி முறையா என்று பார்க்க வேண்டும். துருத்தியிலிருந்து மிகத் தள்ளி, உங்கள் உள்ளங்கைப் பக்கமாக இருக்கும் வரிசையை முதல் வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒரு டியூனர் ஆப்பைத் திறந்து, முதல் வரிசையில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். அதை ஒட்டி இரண்டாம் வரிசையில் இரண்டு பட்டன்கள் இருக்கும், ஒன்று உங்கள் முகவாய்ப் பக்கம், மற்றொன்று தரைப் பக்கம். தரைப் பக்கத்துப் பட்டன் அரைச் சுரம் மட்டும் ஏறினால் சி முறை. முழுச் சுரம் ஏறினால் பி முறை. இன்னொரு அடையாளம்: சி முறையில் ஒரு கட்டை, அதாவது சி, முதல் வரிசையிலேயே இருக்கும். பி முறையில் அது மூன்றாம் வரிசையில் இருக்கும்.

இரண்டும் கண்ணாடி பிம்பங்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் சி முறை வழக்கம். ரஷ்யாவிலும் செர்பியாவிலும் நார்வேயிலும் பி முறை. அக்கார்டியன் என்ற பெயரில் வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்றது 1829இல். மூன்று வரிசையில் பன்னிரண்டு சுரமும் அடங்கும் குரோமாட்டிக் பட்டன் அமைப்பு 1850இல் அதே ஊரில் பிரான்ஸ் வால்தர் செய்தது. அதிலிருந்து நாட்டுக்கு நாடு பிரிந்து வளர்ந்ததால் இப்படி இரண்டு பழக்கம். எது மேல் என்று கேட்டு நேரம் போக்க வேண்டாம். கையில் இருக்கும் பெட்டி எதுவோ அதுதான் உங்கள் முறை. ஆனால் ஒரு வீடியோவையோ அச்சிட்ட பாடத்தையோ பின்பற்றும் முன் அது எந்த முறைக்கானது என்று கட்டாயம் பாருங்கள். ஒன்றுக்கான விரல் எண்கள் மற்றதற்குப் பொருந்தாது. இனி நான் சொல்வதெல்லாம் சி முறைக்கு.

வரிசைகளைக் கட்டைக் கணக்கில் படிப்பது

சி, டி, ஈ என்று மனப்பாடம் செய்வதைவிட நம் பாடகர்கள் பேசும் கட்டைக் கணக்கிலேயே படித்தால் சட்டென்று பிடிபடும்:

முதல் வரிசை: 1, 2½, 4½, 6
இரண்டாம் வரிசை: 1½, 3, 5, 6½
மூன்றாம் வரிசை: 2, 4, 5½, 7

இவ்வளவுதான். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு, மொத்தம் பன்னிரண்டு. ஒரே வரிசையில் அடுத்த பட்டனுக்குப் போனால் மூன்று அரைச் சுரம் ஏறும். அப்படி நான்கு பட்டன் தள்ளிப் போனால் மேல் ஸ்தாயியில் அதே சுரம். பியானோ அக்கார்டியனில் ஒரு ஸ்தாயிக்கு விரலை விரிக்க வேண்டிய தூரத்தில் ஏறத்தாழ பாதி இங்கே போதும். சிறிய கை உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நான்காம் வரிசை என்பது முதல் வரிசையின் நகல். ஐந்தாம் வரிசை இரண்டாம் வரிசையின் நகல். புதிய சுரம் எதுவும் அவற்றில் கிடையாது. பிறகு எதற்கு இரண்டு வரிசை கூடுதலாக, எடையும் கூடி? விரல் முறைக்காக மட்டும்தான். பெட்டி செய்தவர்களே விரல் வைப்பதை அவ்வளவு பெரிய விஷயமாக நினைத்திருக்கிறார்கள்.

வாசிக்கும்போது பட்டன்கள் கண்ணுக்குத் தெரியாது. பல பெட்டிகளில் 1 கட்டைக்கும் 4 கட்டைக்கும் உரிய பட்டன்களின் தலை மட்டும் சொரசொரப்பாக இருக்கும். விரலால் தடவி அவற்றைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். குனிந்து எட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் கழுத்தும் போகும், கையின் நினைவும் வளராது.

உங்கள் முன் இருக்கும் மூன்று வழிகள்

முதல் வழி, வெளிப்பக்க மூன்று வரிசையிலேயே எல்லாவற்றையும் வாசிப்பது. பிரான்சின் பழைய வாத்தியக்காரர்கள் பலர் இப்படித்தான், அதிலும் கட்டைவிரலைப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நான்கு விரலால் வாசித்தார்கள். கை எப்போதும் ஒரே ஆழத்தில் நிற்கும் என்பது இதன் பலம். ஸ எந்த வரிசையில் விழுகிறதோ அதைப் பொறுத்து ஒவ்வொரு ராகத்துக்கும் மூன்று விதமான விரல் வடிவம் படிக்க வேண்டும் என்பது பலவீனம். உங்கள் பெட்டியில் மூன்று வரிசைதான் என்றால் வேறு வழியில்லை, இதுதான்.

இரண்டாம் வழி, ஒரே வடிவம். ஸ எந்த வரிசையில் இருந்தாலும் அதே விரல், அதே உருவம், முழுக் கையும் ஒரு வரிசை உள்ளே தள்ளிப் போகும். நகல் வரிசைகள் இருப்பதால்தான் இது முடிகிறது. ஐந்து வரிசை இருந்தால் பன்னிரண்டு கட்டைக்கும் ஒரே வடிவம். நான்கு வரிசை என்றால் எட்டுக் கட்டைக்கு மட்டும். மூன்றாம் வரிசையில் ஸ விழும் 2, 4, 5½, 7 ஆகிய நான்குக்கும் ஐந்தாம் வரிசை தேவைப்படும்.

மூன்றாம் வழி, எந்தச் சுரத்துக்கு எந்த நகல் வசதியோ அதை அந்தந்த இடத்தில் எடுத்துக்கொள்வது. தேர்ந்தவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். ஆனால் தொடக்கத்திலேயே இதைச் செய்தால் அதே பாட்டுக்கு இன்று ஒரு விரல், நாளை வேறு விரல் என்று ஆகிவிடும். கைக்கு எதுவும் பதியாது. நான் எட்டு மாதம் தொலைத்தது இப்படித்தான்.

நான் சொல்லும் பாதை

முதல் இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ முதல் வரிசையில் விழும் நான்கு கட்டைகளை மட்டும் எடுங்கள்: 1, 2½, 4½, 6. இவற்றுக்கு வெளி மூன்று வரிசையே போதும். இந்த வடிவம் நன்றாகப் பதிந்தபின் அதையே உள்ளே தள்ளினால் இரண்டாம் வழி தானாக வந்துவிடும். மூன்று வரிசைப் பெட்டிக்காரர் அந்தக் கட்டத்தில் மட்டும் புது வடிவம் படிக்கத் தொடங்குவார். அதுவரை படித்தது எதுவும் வீணாகாது.

சங்கராபரணத்தில் தொடங்குங்கள். ஒரு கட்டையில் ஸ ரி க ம ப த நி ஸ வரும் வரிசைகள் இவை: 1, 3, 2, 3, 2, 1, 3, 1. முதல் வரிசைக்குச் சுட்டுவிரல், இரண்டாவதற்கு நடுவிரல், மூன்றாவதற்கு மோதிரவிரல் என்று வரிசைக்கு ஒரு விரலாக ஒதுக்கிவிடுங்கள். அப்போது ஸ சுட்டு, ரி மோதிரம், க நடு, ம மோதிரம், ப நடு, த சுட்டு, நி மோதிரம், மேல் ஸ சுட்டு. மத்திமத்துக்குச் சுண்டுவிரல் வைப்பவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் முதல் மாதம் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சுரம் பாடிக்கொண்டே, துருத்தியை மெதுவாக, ஒரே அழுத்தத்தில் நகர்த்தியபடி வாசியுங்கள். ஒரு கட்டையில் வந்ததும் அதே வரிசையில் ஒரு பட்டன் நகர்ந்து 2½ கட்டைக்குப் போங்கள். விரல்கள் என்ன செய்தனவோ அதையே செய்யும், சுருதி மட்டும் மாறியிருக்கும். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹார்மோனியத்தில் 2½ கட்டைக்குச் சங்கராபரணம் வாசிக்க நான் எவ்வளவு நாள் தடுமாறியிருப்பேன்!

வரிசைக்கு ஒரு விரல் என்ற விதி எங்கே உடையும்

பெரும்பாலான பாடங்கள் மேற்கத்திய மேஜர் ஸ்கேலை, அதாவது நம் சங்கராபரணத்தின் சுரங்களை, வைத்துச் சொல்லிக்கொடுப்பவை. அதில் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் ஒருபோதும் ஒரே வரிசையில் வராது, ஏனென்றால் மூன்று அரைச் சுரத் தாவல் அந்த ஸ்கேலில் இல்லை. அதனால் வரிசைக்கு ஒரு விரல் என்பது அங்கே பிசகாமல் ஓடும். நம் பாட்டுக்கு வந்தால் கதை வேறு.

மோகனத்தை எடுங்கள். ஸ ரி க ப த ஸ. காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு மூன்று அரைச் சுரம், ஆகவே இரண்டும் இரண்டாம் வரிசையில் அடுத்தடுத்த பட்டன்கள். தைவதத்திலிருந்து மேல் ஸட்ஜமமும் அப்படியே, முதல் வரிசையில். ஒரே விரலைத் தூக்கித் தூக்கி வைத்தால் சுரத்துக்கு நடுவே ஓட்டை விழும், பாட்டு விக்கும். எனவே இன்னொரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்த சுரம் அதே வரிசையில் இருந்தால், ஏறும்போது அடுத்த விரல், இறங்கும்போது முந்தைய விரல். மோகன ஆரோகணம் இப்படி ஆகும்: ஸ சுட்டு, ரி மோதிரம், க நடு, ப மோதிரம், த சுட்டு, ஸ நடு.

மாயாமாளவகௌளைதான் இந்தப் பெட்டிக்காகவே அமைந்தது போல இருக்கும். சரளி வரிசை பாடியவர்கள் அனைவருக்கும் வாயில் ஊறிய ராகம் அது. சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவல் மூன்று அரைச் சுரம். சுத்த தைவதத்திலிருந்து காகலி நிஷாதத்துக்கும் அதே தாவல். ஸ ரி க ம நான்குக்கும் சுட்டு, நடு, மோதிரம், சுண்டு என்று விரல்கள் வரிசையாக விழும். வரிசைக் கணக்கில் 1, 2, 2, 3. இப்போது ப த நி ஸ. இந்த நான்குக்கும் இடையே உள்ள தூரங்கள் முதல் நான்குக்கு இருந்தவையே. ஆகவே அதே சுட்டு, நடு, மோதிரம், சுண்டு, ஒரு வரிசை உள்ளே: 2, 3, 3, 4. மேல் ஸட்ஜமத்தை முதல் வரிசையில் தேடிப் போகாமல் நான்காம் வரிசையின் நகலில் சுண்டுவிரலால் எடுக்கிறோம். நகல் வரிசை எதற்கு என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் பேசுவதில்லை, இதை வாசித்துக் காட்டுகிறேன்.

மூன்று வரிசைப் பெட்டியில் ப நடு, த மோதிரம், நி சுண்டு, மேல் ஸ முதல் வரிசையில் சுட்டு. அதுவும் நன்றாகவே வரும்.

கட்டைவிரலை என்ன செய்வது?

இதில்தான் ஆளுக்கொரு கருத்து. பழைய பழக்கத்தில் கட்டைவிரலுக்கு வேலை இல்லை, அது கைக்கு ஒரு பிடிமானமாக ஓரத்தில் நிற்கும். இன்றைய மேடைக் கலைஞர்கள் ஐந்து விரலையும் பயன்படுத்துகிறார்கள். ஐந்து விரலும் இருந்தால் விரிந்த கார்டுகளும் (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) வேகமான ஓட்டமும் எளிதாகும். கீபோர்டு பழகிவிட்டு வருபவர்களுக்குக் கட்டைவிரல் தானாகவே உள்ளே நுழைந்து மற்ற விரல்களுக்கு அடியில் போகப் பார்க்கும். பட்டன் பெட்டியில் அப்படி அடியில் நுழைப்பதற்கு அநேகமாக அவசியமே இல்லை. அந்தப் பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே விட்டுவிடுங்கள்.

என் யோசனை இது. முதல் மூன்று மாதம் கட்டைவிரலை ஓரத்தில் தளர்வாக வையுங்கள், பலகையை நெரிக்கக் கூடாது. சுட்டு, நடு, மோதிரம், சுண்டு நான்கும் தனித்தனியாகச் சொன்னபடி கேட்க ஆரம்பித்ததும் கட்டைவிரலை முதல் வரிசையில், தேவைப்பட்டால் இரண்டாவதிலும், சேருங்கள். அப்போது சங்கராபரணத்தின் வடிவத்தை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளி, சுட்டு, நடு, மோதிரம் இருந்த இடத்தில் கட்டை, சுட்டு, நடு என்றும் வாசித்துப் பாருங்கள். இரண்டு விரல் மிச்சமாகும். அந்த இரண்டும் மோகனம் போன்ற தாவல்களுக்குக் கை கொடுக்கும். முன்பே நல்ல கீபோர்டுக்காரராக இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், ஒரு மாதம் போதும்.

மணிக்கட்டில் வலி வந்தால் நிறுத்திவிட்டுத் தோள் வாரைப் பாருங்கள். ஐந்து வரிசைப் பெரிய பெட்டி 10 கிலோவைத் தாண்டும். அதன் எடையை வாரும் தொடையும் தாங்க வேண்டும், வலது கை தாங்கக் கூடாது. வலது கையை முழுதாக எடுத்துவிட்டாலும் பெட்டி அசையாமல் நின்றால்தான் வார் சரியாக இருக்கிறது. அது சரியில்லாமல் விரல் முறையைக் குறை சொல்வதில் பயனில்லை.

கார்டுகளின் வடிவம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேஜர் கார்டுக்கு ஸ ஒரு வரிசையில், க, ப இரண்டும் அடுத்த உள்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில். மைனருக்கு ஸ, சாதாரண காந்தாரம் (ஸவிலிருந்து மூன்று அரைச் சுரம் மேலே) இரண்டும் ஒரே வரிசையில், ப அடுத்த உள்வரிசையில். முதல் வரிசையில் ஒரு கட்டை, இரண்டாம் வரிசையில் ஐந்து கட்டை, இரண்டுக்கும் அதே வடிவம், அதுவும் வெளி மூன்று வரிசைக்குள்ளேயே. மூன்றாம் வரிசையில் தொடங்கும் கார்டுக்கு மட்டும் நான்காம் வரிசை வேண்டும், அல்லது க, ப இரண்டையும் முதல் வரிசையில் எடுக்க வேண்டும். ஒரே வரிசையில் அடுத்தடுத்த நான்கு பட்டனை அழுத்தினால் டிமினிஷ்டு.

உள்ளே தள்ளும் காலம்

முதல் வரிசையின் நான்கு கட்டைகளிலும் மூன்று ராகங்களும் இரண்டாம் காலத்தில் (இரு மடங்கு வேகத்தில்) தடங்கலின்றி வந்தபின் ஐந்து கட்டைக்குப் போங்கள். ஸ இரண்டாம் வரிசையில். சங்கராபரணம் 2, 4, 3, 4, 3, 2, 4, 2 என்று விழும், விரல்கள் மாறவில்லை. பெண்கள் பாடும் சுருதிக்கு இது நிறையப் பயன்படும். பிறகு 3, 1½, 6½.

மூன்றாம் வரிசைக்கு வரும்போது அவசரப்பட வேண்டாம். ஒரே வடிவத்தை அங்கே தள்ளினால் கை 3, 4, 5 வரிசைகளுக்குள் ஆழமாகப் போகிறது. மணிக்கட்டு மடங்கும், கட்டைவிரல் தன் இடத்தை இழக்கும். வாசிக்க முடியும், ஆனால் அரை மணி நேரம் நடந்துகொண்டே வாசித்தால் கை கெஞ்சும். ஒரே வடிவ முறையைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கேரல் பாட்டுகளில் 2 கட்டையும் 4 கட்டையும் அடிக்கடி வருவதால் இது சின்ன விஷயமும் இல்லை. அதனால் இந்த ஒரு வரிசைக்கு மட்டும் இரண்டாவது வடிவம் ஒன்றைப் படித்துவிடச் சொல்கிறேன். நான்கு கட்டையில் சங்கராபரணம், வெளி மூன்று வரிசைக்குள்: 3, 2, 1, 2, 1, 3, 2, 3. விரல் மோதிரம், நடு, சுட்டு, நடு, சுட்டு, மோதிரம், நடு, மோதிரம். திடீரென்று அரைக் கட்டை ஏற்றச் சொன்னால் ஒரே வடிவம். முன்பே தெரிந்த பாட்டு, நிதானமாக வாசிக்கலாம் என்றால் இந்த இரண்டாவது வடிவம். நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஒரு பாட்டை எடுக்கும்போது எல்லாச் சுரத்துக்கும் விரல் எண் எழுதாதீர்கள். முதலில் ஸ எந்த வரிசை என்று மட்டும் குறியுங்கள். வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் இரண்டு தடவை தொடர்ந்து தடுக்குகிறதோ அங்கே மட்டும் பென்சிலால் விரலை எழுதுங்கள், பேனாவால் வேண்டாம். ஒரு வாரம் கழித்து அந்த இடத்துக்கு வேறு விரல் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அப்போது முந்தைய சுரத்திலிருந்து அடுத்த சுரம் வரை மூன்றையும் சேர்த்து இரண்டு விதமாகவும் பத்துத் தடவை வாசித்துவிட்டு, எதில் துருத்தி தயங்காமல் போகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.